தேயிலை மரத்தடியில் மூன்று கூடாரங்கள்

காணியை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று அம்மா ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிளையில் ஏதோ பறவை இருக்கிறது என்று நினைத்து நானும் பார்த்தேன். பறவை ஒன்றும் இல்லை. மூடுபனி மரத்துக்கு மரம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா எட்டி ஒரு கிளையை வளைத்து, நுனியில் இருந்த கொழுந்தைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"தேயிலதான் புள்ள இது," என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. தேயிலை என்றால் எங்களுக்கு இடுப்பளவு. மலை முழுக்க ஒரே மட்டமாக வெட்டிவிட்ட பச்சை. நான் பிறந்த லயத்தின், தோட்டத்து வரிசை வீட்டின், வாசலில் நின்றால் அதுதான் தெரியும். அம்மா தன் ஆயுளில் பாதிக்கு மேல் அந்த மட்டத்தின் மீது கைகளை ஓட்டிக் கொழுந்தெடுத்தவர். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் செடி மரமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதன் நிழலில் போய் நின்றது அன்றைக்குத்தான். முறுக்கி வளைந்த தண்டுகள், தண்டெல்லாம் பாசி, கீழே வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்த தேயிலைப் பூ. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பூக்களின் மேல் நடந்தார். அட்டை ஏறும் என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை.

காணி நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில், பாதையிலிருந்து சின்ன ஏற்றம் ஒன்று ஏறினால் வரும் மலைமுதுகில் இருக்கிறது. கீழே நீர்த்தேக்கம். எதிரே, வானம் மனது வைத்தால், சிவனொளிபாதமலை. எங்களுக்கு விற்றவர் பக்கத்துக் காணியில் இருக்கும் சிங்களப் பெரியவர். அவருடைய பிள்ளைகள் கண்டியிலும் கொழும்பிலும் தங்கிவிட்டார்கள். தனியாளாகப் பார்க்க முடியாமல் அந்தத் துண்டைக் கைவிட்டு வைத்திருந்தார். அவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஒன்றுதான் என்பதால் யாருக்கும் சிரமம் இல்லை.

நான் பல வருடங்கள் துபாயில், ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தேன். உயரமான கட்டடம். ஜன்னல் திறக்காது. அடுத்தவர் படுக்கைகளை விரிப்பதுதான் அங்கே என் வாழ்க்கை. ஒருமுறை எங்களில் சிலரை வேனில் ஏற்றி நகரத்துக்கு வெளியே பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். மணலுக்கு நடுவே கூடாரங்கள் போட்டிருந்தார்கள். உள்ளே கட்டில், கம்பளம், பித்தளை விளக்கு, குளிக்க வெந்நீர். நான் ஒரு கூடாரத்தில் விரிப்பின் மூலைகளை இழுத்துச் சொருகி முடித்தபோது பின்னேர வெயில் துணிக்குள் வடிந்து படுக்கையின் மேல் தேன் நிறத்தில் கிடந்தது. காற்று அடிக்கும்போது கூடாரம் உள்ளே வாங்கிப் பிறகு மெதுவாக வெளியே விட்டது, தூங்கும் மாட்டின் வயிறுபோல. வேலை முடிந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். மணல்மேடு இருந்த இடத்தில் எங்கள் ஊர் மலை ஒன்றை வைத்துப் பார்த்தேன். அது பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு, எத்தனையோ அறைகளில் விரிப்பை உதறும்போதெல்லாம், உதறிய துணிக்குப் பின்னால் ஒரு மலை தெரியும்.

திரும்பி வந்து காணி வாங்கியதும் என் கணவர் வீடு கட்டத்தான் ஆசைப்பட்டார். அவர் மேசன். ஊரில் எத்தனையோ பேருக்குச் சுவர் எழுப்பியவர். அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு மலைமுதுகில் அங்கும் இங்கும் குத்திப் பார்த்தார். எங்கே குத்தினாலும் ஒரு சாண் மண், பிறகு டங் என்று சத்தம். மாமா வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். இளவயதில் அவரும் அங்கே வீடு கட்டப் பார்த்துக் கைவிட்டவராம். அந்த முதுகு முழுவதும் ஒரே கல், மேலே கொஞ்சம் மண்ணைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது என்றார்.

அன்று அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் நான் கணவரிடம் பாலைவனத்துக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். அத்திவாரம் வேண்டாம், கல்லில் துளை போட்டு ஆணி இறக்கி, பலகை மேடை அமைத்து, அதன் மேல் கூடாரம் கட்டலாம் என்றேன். அவர் நீர்த்தேக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் கட்டிப் பிழைக்கிற மனிதனிடம் சுவரே இல்லாத வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஆனால் அவர் மறுக்கவில்லை. மேடைக்கு எந்தப் பலகை மழையைத் தாங்கும் என்று மட்டும் கேட்டார்.

அம்மாவிடம் சொல்லப் போனது லயத்துக்கு. தகரக் கூரையில் காற்றுக்குக் கல் அடுக்கி வைத்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் அவர் அப்போதும் இருந்தார். எங்களோடு வா என்று எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கூர ஒழுகுது, கூர ஒழுகுதுன்னு எத்தன காலமா தோட்டத்துல கேட்டுக்கிட்டு இருக்கோம். நீ என்னான்னா சல்லி குடுத்து ஆளுங்க துணியில வந்து படுப்பாங்கங்கிற," என்றார்.

அம்மா சொன்னது சரி. அந்தச் சரியோடேயே நான் வேலையை ஆரம்பித்தேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள்தான் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றாள். கூடாரமும் வேண்டும், சொகுசும் வேண்டும் என்கிறவர்களுக்கானது, கிளாம்பிங் என்பார்கள் என்று போனில் படங்கள் காட்டினாள். என் கணவருக்குக் கிளாம்ப் என்றால் குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கும் இரும்புதான். பல நாள் அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவர்போலவே இருக்கும்.

துணிக்காக ஹட்டனுக்குப் போனோம். அங்கே தார்ப்பாய் விற்கும் கடை முதலாளி, எங்களைப் பல காலமாகத் தெரிந்த முஸ்லிம் மனிதர், கல்யாண வீடா மவுத்து வீடா என்று கேட்டார். இரண்டும் இல்லை, படுக்க என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, கொழும்பிலிருந்து கனமான கேன்வஸ் எடுப்பித்துத் தன் கடைப் பின்புறத்திலேயே தைக்க ஏற்பாடு செய்தார். வாசலைத் திறந்து மூடும் சிப்புக்கு மேலே இரண்டு மடிப்பாக ஒரு மறைப்பு வைக்கச் சொன்னதும் அவர்தான். உங்க பக்கத்து மழை நேராக விழாது, சாய்ந்துதான் விழும் என்றார்.

எனக்கும் கணவருக்கும் ஒரே ஒரு பெரிய பிணக்கு வந்தது மரங்களால்தான். வருகிறவர்கள் மலையைப் பார்க்கத்தான் வருவார்கள், தேயிலை மரங்களை வெட்டினால்தான் மலை தெரியும் என்றார் அவர். மரம் இருக்கட்டும் என்றேன் நான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சில நாட்கள் சாப்பாடு போடும்போதும் தண்ணீர் கேட்கும்போதும் மட்டும் பேசிக்கொண்டோம். ஒரு காலை அவர் மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. நாங்கள் தங்குவதற்காகக் காணி ஓரத்தில் பலகையால் அடித்த எங்கள் சின்ன வீட்டின் குசினியில், அடுப்பருகே நின்று வாள் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, மரம் பூத்திருக்கிறது, பூ முழுக்கத் தேனீ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். வாள் அதற்குப் பிறகு விறகு வெட்டத்தான் வெளியே வந்தது.

கூடாரங்களை மரங்களுக்கு நடுவே, மரம் விட்ட இடத்தில் நிறுத்தினோம். மூன்றுக்குத்தான் இடம் இருந்தது. முதல் கூடாரம் எழுந்த வாரம் நாங்களே அதில் படுத்துப் பார்த்தோம். முன்பக்கத்து சிப்பை இழுக்க மறந்து தூங்கியிருக்கிறோம். விடியும்போது கண் விழித்தால் எல்லாம் வெள்ளை. மேகம் உள்ளே வந்து தங்கியிருந்தது. கட்டிலின் கால்மாடு தெரியவில்லை. பக்கத்தில் கணவர் விழித்துப் படுத்திருந்தார்.

"என் கால காணோம்," என்றார், பயமில்லாத குரலில்.

நானும் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே அவரும் இல்லை, நானும் இல்லை. எங்கேயோ ஒரு சேவல் கூவியது. அது கீழே தோட்டத்திலிருந்து கூவியதா மேலே வானத்திலிருந்து கூவியதா என்று பிரித்தறிய முடியவில்லை. எழுந்திருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பிறகு எழுந்து பார்த்தால் மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் நனைந்திருந்தன. அவற்றைக் காயவைக்கவே பல நாள் ஆனது. அதன் பிறகு எப்போது சிப்பைத் திறப்பது, எப்போது மூடுவது என்று கற்றுக்கொண்டோம்.

முதல் விருந்தினர்கள் கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தம்பதி. இருவருக்கும் ஐம்பது கடந்திருக்கும். மகள் போனில் போட்டிருந்த படத்தைப் பார்த்து வந்தார்கள். படத்தில் கூடாரத்தின் வாசலுக்கு நேராக சிவனொளிபாதமலை நீலமாக நின்றது. அவர்கள் வந்த அன்று பாதை கூடத் தெரியவில்லை. மழை இல்லை, காற்று இல்லை, மூடுபனி மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர் மேடையில் நின்று மலை எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். நீட்டிய கையின் விரல்கள்கூட மங்கலாகத்தான் இருந்தன.

மறுநாளும் அப்படியே. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. போகச் சொல்லிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனபோது அந்தக் கொழும்பு அம்மா மேடையின் ஓரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

மூடுபனிக்குள்ளிருந்து பேச்சு வந்துகொண்டிருந்தது. எங்கள் காணிக்குக் கீழே தோட்டத்து மலை. அங்கே கொழுந்தெடுக்கும் பெண்கள் எதுவும் தெரியாத வெள்ளைக்குள் நின்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் விற்கிற விலைக்குக் கறிக்குப் பால் பிழிய முடியுமா என்று ஒரு குரல். வட்டவளையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இது எட்டாவது மாதம் என்று இன்னொரு குரல். யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். யாருக்கும் முகம் இல்லை. மேகமே உட்கார்ந்து குடும்பக் கதை பேசுவதுபோல இருந்தது.

அந்த அம்மா மதியம் வரை அங்கேயே இருந்தார். புரியாத சொல் வந்தால் என்னைக் கேட்பார். கண்டாக்கு என்றால் யார் என்றார். மலையில் நின்று வேலை வாங்குகிறவர் என்றேன். அவருடைய கணவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எனக்குக் கேட்காத குரலில் ஏதோ பேசினார்கள். இரண்டு நாளும் மலை அவர்களுக்குத் தன்னைக் காட்டவில்லை. போகும்போது நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மகளுக்குக் குழந்தை பிறந்தால் தனக்குச் செய்தி சொல்ல முடியுமா என்று கேட்டார். பிறந்தபோது சொன்னேன். பெண் குழந்தை.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. வார முடிவில் ஒரு கூடாரம், சில வேளை இரண்டு. அம்மா மட்டும் தங்க வரவில்லை. மத்தியான வேளைகளில் வந்து தேயிலை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, இருட்டுமுன் லயத்துக்கே போய்விடுவார்.

கார்த்திகை மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. எங்கள் பக்கத்தில் மழை புதிதல்ல. ஆனால் அந்த மழை வேறு மாதிரி, ஒரே சீரில், யாரோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோலப் பெய்தது. வரவிருந்தவர்களை வர வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு கண்டிருக்கிறது, எல்லாரும் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று கிராம சேவகர் வந்து சொல்லியிருக்கிறார். பாடசாலைக்குப் போகும் பாதையிலோ மண் சரிந்து கிடந்தது. கணவரும் மாமாவும் குடையும் கயிறும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினார்கள். கல்லுக்கு மேலே இருக்கிறோம், எங்களிடம் வரட்டும் என்று முதலில் சொன்னது மாமாதான்.

பின்னேரம் அவர்கள் ஏறி வந்தார்கள். மழைக்குள்ளிருந்து முதலில் குடைகள், பிறகு தலையில் மூட்டைகள், பிறகு ஆட்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா. முதல் கூடாரத்தின் முன் வந்து நின்று துணியைக் கையால் தடவினார்.

"இதுக்குக் கதவு எங்க புள்ள?" என்றார்.

நான் சிப்பை இழுத்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் நுழையவில்லை. மேடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். சேறாக இருக்கிறோம் அக்கா, கம்பளம் பாழாகிவிடும் என்றாள் ஒருத்தி. நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. வந்தவர்களும் துணிச் சுவரை ஒட்டிக் கீழே உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் கட்டில் வெள்ளையாக, காலியாக இருந்தது. அதைச் சுற்றி ஈரத் தலைகள். பெரிய இடத்து ஆள் யாரோ வந்து படுக்கப்போகிறார் என்று காத்திருப்பதுபோல.

ஒரு இளம் தாயின் மடியில் கைக்குழந்தை இருந்தது. நான் அதை வாங்கி, சுற்றியிருந்த ஈரத் துணியை எடுத்துவிட்டுத் துடைத்து, கட்டிலின் நடுவில் படுக்கவைத்தேன். குழந்தை இரண்டு கையையும் விரித்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே தூங்கிப்போனது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அம்மா எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏறி உக்காருங்கடி. துணிதானே, தொவச்சா போகுது," என்றார்.

அன்று மாலை மங்கும் நேரத்தில் நானும் கணவரும் குசினி வாசலில் நின்று பார்த்தோம். மூன்று கூடாரங்களும் மழைக்குள் மஞ்சளாக எரிந்தன. உள்ளே ஆட்களின் நிழல்கள் எழுந்தன, குனிந்தன, பிள்ளைகளைத் தூக்கின, கூந்தலை அவிழ்த்துத் துவட்டின. பெரிதாகிச் சிறிதாகி ஒன்றோடொன்று கலந்தன. தேயிலை மரங்களின் கிளை நிழல்கள் அவர்கள் மேல் அசைந்தன. தண்ணீருக்கு அடியில் ஒரு ஊர் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாழ்வதுபோல இருந்தது. கணவர் என் தோளில் கையை வைத்தபடி நின்றார்.

மழை நிற்காத அந்த நாட்களில் காலையில் எல்லாரும் கனவு சொன்னார்கள். அந்த மெத்தை அவர்களுக்குப் பழக்கமில்லாததால் எல்லாருக்கும் கனவு வந்தது என்று நினைக்கிறேன். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றும்போது ஒவ்வொருத்தியாகச் சொல்வாள். ஒருத்தி நீர்த்தேக்கத்தின் மேல் நடந்தே கொத்மலைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். பாதத்தில் ஈரமே இல்லையாம். இன்னொருத்தியின் கனவில் தேயிலைச் செடிகள் எல்லாம் வேரோடு எழுந்து, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து வரிசையில் நின்றனவாம். கண்டாக்கு ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டாராம். அம்மா எப்போதும் எனக்குக் கனவே வராது என்று சொல்கிறவர். அன்று அவரும் சொன்னார்.

"நான் படுத்திருக்கேன். மழன்னா அப்பிடி ஒரு மழ. மேல ஒரு சொட்டு விழல."

அது கனவில்லையே பெரியம்மா என்றாள் குழந்தையின் தாய். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, அதுவும் சரிதான்," என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடாரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை திறந்ததும் ஹட்டன் தார்ப்பாய்க் கடை முதலாளி லொறியில் பாணும் பருப்பும் அனுப்பினார். மாமா தினமும் பலாக்காயோ மரவள்ளியோ தூக்கிக்கொண்டு வருவார். வந்தால் ஆண்கள் இருக்கும் கூடாரத்து மேடையில் உட்கார்ந்து சிங்களமும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் சிப்பை இழுத்து இழுத்து விளையாடி இரண்டைக் கழற்றிவிட்டார்கள்.

ஒரு பகல், மழை சற்றுக் குறைந்திருந்த வேளையில், அந்தச் சத்தம் கேட்டது. இடி இல்லை. நீளமான, கனமான ஒரு மூச்சு. யாரும் கத்தவில்லை. கையில் இருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். மலை லயத்தின் மேல் இறங்கிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் காலுக்குக் கீழே கல் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பெண் என் விரல்களைப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு போய்ப் பார்த்தோம். லயத்தின் கடைசிக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயிருந்தன. அம்மாவின் காம்பரா நின்றது, ஜன்னல் வரைக்கும் சேறு. உள்ளே யாரும் இருக்கவில்லை என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம். அதிகாரிகள் வந்து, இனி அங்கே குடியிருக்க முடியாது என்று எழுதி ஒட்டினார்கள். பாடசாலையில் இடம் ஒழுங்கானதும் குடும்பங்கள் அங்கே போயின. சிலர் கொத்மலைக்கும் வட்டவளைக்கும் சொந்தக்காரரிடம் போனார்கள். புதிய வீடு வேறிடத்தில் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் அவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அம்மா எங்கும் போகவில்லை. நாங்களும் வா என்று கூப்பிடவில்லை, அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் பலகை வீட்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவருடையதாகிவிட்டது. குழந்தையின் தாயும், பெரட்டுக் கனவு கண்டவளும் இப்போது என்னோடு வேலை செய்கிறார்கள். விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் சொருகுவது என்று நான் காட்டிக்கொடுத்தேன். குழந்தையின் தாய் என்னைவிட இறுக்கமாகச் சொருகுகிறாள்.

கம்பளங்களை மாற்ற வேண்டியிருந்தது. கூடாரத் துணியின் அடிப்பக்கத்தில் சேற்றுக் கறை போகவில்லை. கணவர் அதை மறைக்கப் பலகை அடிக்கலாம் என்றார், பிறகு அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். விருந்தினர்கள் கேட்டால் மழையில் ஆட்கள் தங்கியிருந்தார்கள் என்று சொல்கிறேன். சிலர் மேலும் கேட்கிறார்கள். சிலர் தலையை ஆட்டிவிட்டு மலையைப் படமெடுக்கப் போய்விடுகிறார்கள்.

தை மாதம் சிவனொளிபாதமலைக்குப் போய் இறங்கி வந்த ஒரு குடும்பம், மாத்தளைப் பக்கத்து ஆட்கள், மூன்று கூடாரங்களையும் எடுத்தார்கள். இரவு முழுக்கப் படி ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்துவிட்டு, பகல் நல்ல வெயிலில் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். வயதான ஒருவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குளித்து, சாப்பிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கூடாரங்களுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மலைமுதுகு முழுவதும் அமைதியாகிவிட்டது. மூன்று கூடாரங்களுக்குள்ளிருந்தும் மூச்சு கேட்டது, சிலது குறட்டையாக, சிலது பிள்ளைகளின் மெல்லிய மூச்சாக. வெயிலில் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. எதிரே அவர்கள் ஏறி இறங்கிய மலை ஒரு மேகமும் இல்லாமல் நின்றது. பார்க்கத்தான் யாரும் விழித்திருக்கவில்லை.

நானும் அம்மாவும் ராச்சாப்பாட்டுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போடும்போது சத்தம் வராமல் இருக்க, அம்மா தன் முந்தானையை மடித்துச் சட்டிக்குள் விரித்திருந்தார்.